ஆலம்பரைக் கோட்டையில் ஒரு ஷாட்

டீ வேணாம்னு சொன்னா விட மாட்டேங்கிறீங்களே சார். சரி, குடுங்க. சர்க்கரை கம்மின்னு சொன்னீங்களா? அள்ளிப் போட்டுட்டான். பரவால்ல.

மண்டபத்துக்குத்தானே வந்திருக்கீங்க? பட்டு வேட்டியையும் விபூதியையும் பாத்தாலே தெரியுது. நானும் அங்கதான். வாழமரம் கட்டியிருக்கே, மேல பூவுல யமுனான்னு எழுதியிருக்கே, அது என் தங்கச்சி. கூடப் பொறந்தவ. என் பேரு தாமோதரன். பொண்ணுக்கு ஒரே அண்ணன். அப்பா இல்ல, அம்மா இல்ல, எல்லாம் நான்தான். அப்படிப்பட்டவன் மண்டபத்துக்கு எதிர்ல டீக்கடை பெஞ்சுல ஏன் உக்காந்திருக்கேன்னுதானே பாக்குறீங்க? வாசல்ல ரெண்டு தடியனுங்க நிக்கிறானுங்க பாருங்க, சந்தனக் கிண்ணத்தோட. அவனுங்க சந்தனம் குடுக்க நிக்கல சார். எனக்காக நிக்கிறானுங்க.

போயிடுவேன். தாலி கட்டுற நேரத்துல எல்லாப் பயலும் மேடையத்தான் பாப்பான், வாசல்ல ஒருத்தன் இருக்க மாட்டான். அப்ப உள்ள போயிடுவேன். போய் என்ன செய்வீங்கன்னா? ஒன்னும் செய்ய மாட்டேன். அண்ணன்காரன் போய் நிக்கணும்ல? அவ என்னைப் பாக்கணும். என்னைப் பாத்ததுக்கு அப்புறமும் கழுத்த நீட்டுறாளான்னு நான் பாக்கணும். அவ்வளவுதான். இந்தப் பையா? வீல் ஸ்பேனர் சார். இத்தனை வருஷமா கார் ஓட்டுறவன் பையில வேற என்ன இருக்கும்.

நான் கோவக்காரன் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். செங்கல்பட்டு கார் ஸ்டாண்டுல வந்து யாரை வேணா கேளுங்க. தாமு தானா ஒரு வம்புக்கும் போக மாட்டான்னு சொல்லுவாங்க. வந்த வம்ப விட மாட்டேன், அது வேற. வீட்டுக்காரியா? அவ அவங்கம்மா வீட்டுல இருக்கா. பிரசவத்துக்குப் போனா. ஆமா, இன்னும் வரல. பையன் இப்ப யூகேஜி படிக்கிறான்.

யமுனாவ நான் வளத்த மாதிரி ஒருத்தனும் வளத்திருக்க மாட்டான் சார். அப்பா போனப்ப அவ சின்னப் பொண்ணு, பாவாடை சட்டை. அம்மாவும் பின்னாடியே போயிட்டாங்க. நான் படிக்க வச்சேன், கம்ப்யூட்டர் கிளாஸ் அனுப்பினேன், கண்டிச்சு வளத்தேன். அடக்கம்னா அப்படி ஒரு அடக்கம். தெருமுனைல நான் வண்டிய திருப்புற சத்தம் கேட்டா வீட்டுல டிவி நின்னுடும். நான் செருப்ப கழட்டுறதுக்குள்ள தண்ணிச் சொம்போட நிப்பா. அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்லுவாங்க, தாமு வீட்டுல ஒரு பொண்ணு இருக்கிற சத்தமே கேக்காதுன்னு. அப்படி வளத்தேன்.

மாப்பிள்ளை ஜெகதீசன் இந்த ஊருதான், பாண்டிச்சேரி. பிசியோதெரபியாம். கை கால நீவி விடுற வேலை, அதுக்கு வருஷக்கணக்கா படிச்சிருக்கான். புரோக்கர் மூலமா வந்த இடம். பையன் சாது, குடி கிடையாது, பேச்சும் கிடையாது. பேசினாலும் அக்கம்பக்கம் கேக்காது. இப்படி ஒருத்தன்தான் நம்ம சொல்லுக்கு அடங்கி இருப்பான்னு நானேதான் சரின்னு சொன்னேன். நானேதான்.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துது. கெடுத்தது அந்தப் படம் எடுக்கப் போன நாள். இப்பல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணையும் மாப்பிள்ளையையும் எங்கயாவது கூட்டிட்டுப் போய் வீடியோ எடுக்கணுமாமே. அத மண்டபத்துல பெரிய திரையில ஓட்டுவாங்களாம், சாப்பிட வந்தவன் பாக்கணுமாம். இதெல்லாம் எங்களுக்கு வழக்கம் இல்ல சார். தாலி ஏறுறதுக்கு முன்னாடி பொண்ணையும் மாப்பிள்ளையையும் தனியா அனுப்ப மாட்டோம். ஆனா மாப்பிள்ளையோட அம்மா ஆசைப்பட்டுக் கேட்டாங்க. சரி, என் வண்டியிலயே போகட்டும், நானே துணைக்கு வரேன்னு சொன்னேன். ஒரே நாள். காலைல கிளம்பி ஈசிஆர்ல ரெண்டு கோட்டை, அப்புறம் பாண்டிச்சேரில ஒரு தோட்டம், சாயங்காலம் திரும்பிடறது. கேமராக்காரன் எட்வின்னு ஒரு பையன். காதுல கடுக்கன், வாயத் தொறந்தா ப்ரோ.

முதல்ல சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்துக்குப் பக்கத்துல. டச்சுக்காரன் கட்டின கோட்டை. செங்கல் சுவரு, உள்ள புல்லு, ஒரு ஓரமா அவனுங்க கல்லறை. கல்யாணப் படம் எடுக்கறதுக்கு உனக்கு சுடுகாடுதான் கெடைச்சுதாடான்னு எட்வினக் கேட்டேன். 'அந்தச் சுவத்துக் கலரு சூப்பரா வரும் ப்ரோ'ங்கிறான். கேமரா ஸ்டாண்டு வைக்கக் கூடாதுன்னு காவலாளி சொல்லிட்டாரு. கைலயே புடிச்சு எடுத்தான். யமுனா பச்சைப் பட்டு, அவன் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். பாக்க நல்லாத்தான் இருந்துது. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அப்ப எட்வின் சொல்றான், 'ப்ரோ, சிஸ்டர் இடுப்புல கை வைங்க'ன்னு. மாப்பிள்ளை தயங்கினான். இவன் விட மாட்டேங்கிறான். நான் போனேன். எட்வின் பொடனில ஒரு தட்டு தட்டினேன். தட்டுதான் சார். மூக்குக்கண்ணாடி கீழ விழுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டுடுச்சு. மட்டமான கண்ணாடி, அதுக்கு நான் என்ன பண்ணுவேன். 'ஒரு கை எட்டத்துல நிக்க வச்சு எடு'ன்னேன். அதுக்கப்புறம் ப்ரோ போயிடுச்சு, அண்ணேன்னுதான் கூப்பிட்டான். ஒரு தட்டுல மரியாதை வந்துடுச்சு பாத்தீங்களா?

ஜெகதீசன் கண்ணாடிய எடுத்துத் தொடச்சு எட்வின்கிட்ட குடுத்தான். 'மச்சான், அவர் வேலைய அவர் செய்யறாரு'ன்னான். 'நானும் என் வேலையத்தான் செய்யறேன் மாப்ள'ன்னேன். அவன் யமுனாவ ஒரு பார்வை பாத்தான். அவ தரையப் பாத்துக்கிட்டு நின்னா. கொஞ்சம்கூட ஆச்சரியப்படல, அடக்கமான பொண்ணு.

அப்புறம் ஆலம்பரை. நீங்க பாத்திருக்கீங்களா? கடப்பாக்கத்துக்கு உள்ள போகணும். நவாப் காலத்துக் கோட்டையாம். இங்கிலீஷ்காரன் இடிச்சது பாதி, சுனாமி வந்து இடிச்சது மீதி. ஒரு சுவரு நிக்குது, ஒரு சுவரு மண்ணுல படுத்துக் கெடக்குது. பின்னாடி உப்பங்கழி, அதத் தாண்டி கடலு. காத்துன்னா காத்து. அன்னைக்கு எங்களத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல. எட்வினுக்கு ஒரே சந்தோஷம், ஸ்டாண்ட விரிச்சு வச்சுட்டான்.

'அண்ணே, ஒரு கான்செப்ட் இருக்குண்ணே'ன்னு என்கிட்டதான் முதல்ல வந்து கேட்டான். பொண்ணும் மாப்பிள்ளையும் சண்டை போடறாங்க. மாப்பிள்ளை கோவத்துல கை ஓங்குறாரு. பொண்ணு சிரிச்சுக்கிட்டே அந்தக் கையப் புடிச்சு கன்னத்துல வச்சுக்கறா. பின்னாடி பாட்டு. மண்டபத்துல எல்லாரும் கை தட்டுவாங்கண்ணேன்னான். எனக்கும் புடிச்சுது சார். கட்டிப்புடிக்கிறது கிடையாது, ஒன்னு கிடையாது. புருஷன்னா கை ஓங்குவான், பொண்டாட்டின்னா சிரிக்கணும். நல்ல கருத்துதானே? எடுன்னு சொல்லிட்டேன்.

மாப்பிள்ளை கை ஓங்கினான். அவ்வளவுதான். யமுனா சட்டுன்னு குனிஞ்சுட்டா. ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிட்டு, தோளத் தூக்கி காதுக்கு முட்டுக் குடுத்து, சுவத்தோட போய் ஒட்டிக்கிட்டா. எட்வின் சிரிச்சான். 'சிஸ்டர், ஆக்டிங்தான், அடிக்கல்லாம் மாட்டாரு'ன்னான். திரும்ப எடுத்தாங்க. திரும்பவும் அதேதான். வேணும்னு செய்யல சார், அவளுக்கே வெட்கமாயிடுச்சு. 'சாரி, சாரி, இந்தத் தடவ கரெக்டா செய்யறேன்'ங்கிறா. ஆனா கை மேல போனா உடம்பு தானா மடங்குது. மாப்பிள்ளை மெதுவா ஓங்கிப் பாத்தான், சிரிச்சுக்கிட்டே ஓங்கிப் பாத்தான், ஒன்னும் நடக்கல. கொஞ்ச நேரத்துல எட்வின் சிரிக்கிறத விட்டுட்டான்.

எனக்கு மானம் போவுது. ஒரு சின்ன நடிப்பு, அதுகூட வரலன்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாங்க? 'தள்ளுங்க மாப்ள, நான் சொல்லித் தரேன்'னு போனேன். 'இங்க பாரு, கை இப்படி வரும், நீ பயப்படக் கூடாது, சிரிக்கணும், எங்க சிரி'ன்னு நான் கைய ஓங்கினேன். காட்டத்தான் சார். அடிக்கல. சத்தியமா அங்க வச்சு அடிக்கல. அவ குனியக்கூட இல்ல, கால் மடிஞ்சு அப்படியே கீழ உக்காந்துட்டா. புடவை முன்பக்கம் நனைஞ்சு போச்சு. கடல் சாரல்னு எட்வின்கிட்ட சொன்னேன். கடல் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு, ஆனா காத்து ஜாஸ்தி.

மாப்பிள்ளை என்ன பண்ணான்னா, தோள்ல கெடந்த அங்கவஸ்திரத்த எடுத்து அவ மடில போட்டான். பட்டு வேட்டியோட மண்ணுல பக்கத்துல உக்காந்தான். அவ இடது கையப் புடிச்சு உள்ளங்கைய மேல திருப்பினான். முழுசா திரும்பல. இன்னொரு தடவ திருப்பிப் பாத்தான். வேலை புத்தி எங்க போகும்? 'இந்தக் கை எப்ப ஒடைஞ்சுது?'ன்னு கேட்டான். அவ என்னைப் பாத்தா. நான்தான் சொன்னேன், மாடிப்படில விழுந்துட்டா மாப்ள, ஸ்கூல் படிக்கும்போதுன்னு.

'உங்க வீட்டுல மாடி கிடையாதே மச்சான்'ங்கிறான். பொண்ணு பாக்க வந்தப்ப பாத்து வச்சிருக்கான், ஓட்டு வீடுன்னு. எனக்கே அப்பதான் சார் உறைச்சுது. ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னது, சொல்லிச் சொல்லி அதுவே வாய்ல நின்னுடுச்சு.

எப்படி ஒடைஞ்சுதுன்னா? அது ஒன்னும் இல்ல சார். பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தா. ஒரு பையன் சைக்கிள்ல வந்து வாசல்ல என்னமோ பேசிட்டுப் போனான். யாருடி அவன்னு கேட்டேன். பதில் சொல்லாம யோசிச்சா. யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு இதுல? ஒரு முறுக்கு முறுக்கினேன். எலும்பு அவ்வளவு மெல்லிசா இருக்கும்னு யாருக்குத் தெரியும். என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்க வீட்டுல பொண்ணு இல்லையா? டீய குடிங்க, ஆறுது.

ஏன் சார் என் பைய அந்தப் பக்கம் வைக்கிறீங்க? ஓ, டீ கொட்டிடும்னா. சரி, சரி.

அங்கேர்ந்து பாண்டிச்சேரி. வர்றப்ப மாப்பிள்ளைய முன்னாடி என் பக்கத்துலதான் உக்கார வச்சிருந்தேன். இப்ப பாத்தா கேக்காம கொள்ளாம பின்னாடி அவகூட ஏறி உக்காந்துட்டான். 'முன்னாடி வாங்க மாப்ள'ன்னேன். 'இருக்கட்டும் மச்சான்'ங்கிறான். எனக்கு வயிறு எரியுது சார். கண்ணாடில அவங்களையே பாத்துக்கிட்டு ஓட்டுறேன். அவன் என்னமோ மெதுவா கேக்குறான், அவ தலைய ஆட்டுறா. நான் கேட்டு அவ தலைய ஆட்டுவா, அது சரி. இன்னொருத்தன் கேட்டு தலையாட்டினா அதுக்கு என்ன அர்த்தம்?

மரக்காணம் உப்பளத்துக்கிட்ட வண்டிய நிறுத்தினேன். மாப்பிள்ளை இளநி வாங்க எறங்கிப் போனான். நான் திரும்பி, 'என்னடி சொன்ன அவன்கிட்ட?'ன்னு கேட்டேன். 'ஒன்னும் சொல்லலண்ணே'ங்கிறா. ஒன்னும் சொல்லலன்னா அவன் மூஞ்சி ஏன் அப்படிச் சுண்டிப் போச்சு? விட்டேன் ஒன்னு. பளார்னு. கதவெல்லாம் சாத்தித்தான் இருந்துது, ரோட்டுல போறவன் யாரும் பாக்கல. அவ மேக்கப் போட்டிருந்தாளா, என் கையெல்லாம் பவுடரு. சட்டைல தொடச்சுக்கிட்டேன். எட்வின் முன் சீட்டுல கேமராப் பெட்டிய கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

ஜெகதீசன் இளநியோட வந்தான். அவ கன்னத்தப் பாத்தான். என் சட்டையப் பாத்தான். எனக்கு வாங்கின இளநிய என் கைல குடுத்து, 'குடிங்க மச்சான்'ன்னான். குரல்ல கோவமே இல்ல. நான் குடிச்சேன், நல்ல வழுக்கை. இவன் நம்மாளுதான், விஷயம் புரிஞ்ச பையன்னு அப்ப நெனச்சேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச தப்பு.

தோட்டம் இங்கதான் சார், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம், தாவரவியல் பூங்கா. பிரெஞ்சுக்காரன் வச்சது. பெரிய பெரிய மரம், நிழலு, பூப்பாத்தி, கொழந்தைங்க ஓடுதுங்க. எட்வின் கேமராவ வெளியவே எடுக்கல, ஸ்டாண்ட மட்டும் மடக்கிக் கைல வச்சுக்கிட்டு நிக்கிறான். ஜெகதீசன் என்னை ஒரு மரத்தடிக்குக் கூப்பிட்டான். 'மச்சான், யமுனா இன்னைக்கு உங்ககூட வர மாட்டாங்க. கல்யாணம் வரைக்கும் எங்க அம்மாகூட இருக்கட்டும். அம்மாகிட்ட போன்ல பேசிட்டேன்'ன்னான்.

நீங்களே சொல்லுங்க சார், தாலி ஏறாத பொண்ணு மாப்பிள்ளை வீட்டுல போய் தங்குவாளா? எங்க ஜனங்க காறித் துப்ப மாட்டாங்களா? 'விளையாடாதீங்க மாப்ள, கிளம்பலாம்'னு அப்பவும் மரியாதையாத்தான் சொன்னேன். யமுனாவக் கூப்பிட்டேன். 'ஏறுடி வண்டில'ன்னேன். அவ நகரல. 'நான் வரலண்ணே'ன்னா. ஒரு வார்த்தை சார். அவ பொறந்ததுலேர்ந்து அந்த வார்த்தைய என்கிட்ட சொன்னது கிடையாது. எனக்கு உள்ள என்னமோ அறுந்து போச்சு. அழுகை வந்துது, உண்மையச் சொல்றேன். அழுகை வந்தா எனக்குக் கை நிக்காது.

அவகிட்டதான் போனேன். அவன் நடுவுல வந்துட்டான். வந்தா வாங்கிக்க வேண்டியதுதானே? முதல் அடி காதுல. அப்படியே சுத்தி பூப்பாத்தில விழுந்தான். எந்திரிச்சு ஓடிடுவான்னு பாத்தா எந்திரிச்சு திரும்பவும் நடுவுல நிக்கிறான். வயித்துல உதைச்சேன். எட்வின் கைலேர்ந்து அந்த ஸ்டாண்ட புடுங்கினேன். தோள்ல, முதுகுல, முழங்கைல. ஸ்டாண்டு கால் ஒன்னு உடைஞ்சு தெறிச்சுது, மிச்சம் இருந்ததால அடிச்சேன். வாயெல்லாம் மண்ணும் ரத்தமும். பல்லு ஒன்னு செடிக்கடில கெடந்துது, நான் பாத்தேன். ஒரு அடி, ஒரே ஒரு அடி திருப்பி அடிச்சிருந்தான்னா நான் நிறுத்தியிருப்பேன் சார். ஆம்பளைக்கு ஆம்பளை சரியாப் போயிருக்கும். அவன் அடிக்கவே இல்ல. தலைய மட்டும் ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டான், தோளத் தூக்கி காத மறைச்சுக்கிட்டான், அச்சு அசலா யமுனா மாதிரியே. காலைலதான் பாத்தான், சாயங்காலத்துக்குள்ள கத்துக்கிட்டான்.

யமுனாவா? அவ கத்தல. சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் கத்துறாங்க, கொழந்தைங்க அழுதுங்க, ரெண்டு பேர் போன்ல படம் புடிக்கிறானுங்க. அவளுக்குக் கத்திப் பழக்கம் இல்ல சார். தோட்டத்துல வேலை செய்யற ஆளுங்க மண்வெட்டியப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. அவங்ககிட்ட போய் சொல்றா, சாதாரணமா, கடைல சாமான் சொல்ற மாதிரி: 'முதல்ல வலது கையப் புடிங்க. புடிச்சா காலால உதைப்பாரு, அதனால பின்னாடிலேர்ந்து போங்க. தலையால முட்டுவாரு, மூஞ்சிய தள்ளி வச்சுக்குங்க.' அவனுங்களும் அப்படியே புடிச்சானுங்க. என்னால ஒரு அசைவு அசைய முடியல. பெத்த மக மாதிரி வளத்தேன் சார். என்னை எப்படிப் புடிக்கணும்னு ஊர்க்காரனுக்குச் சொல்லித் தரா!

அப்புறம் என்ன. ஸ்டேஷன், கேஸ், ஜெயிலு. ஜெகதீசனுக்கு இடது காதுல ஜவ்வு கிழிஞ்சு போச்சாம், அந்தப் பக்கம் கேக்காதாம். ஒன்னு போனா என்ன, இன்னொன்னு நல்லாத்தானே இருக்கு? யமுனா போலீசுகிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொல்லியிருக்கா. பெல்ட்டு, தோசைக் கரண்டி, கதவு இடுக்குல விரல் மாட்டினது, எனக்கே மறந்து போனதெல்லாம். இப்ப ஜாமீன்ல இருக்கேன். அவ இருக்கிற பக்கம் போகக் கூடாதாம். தங்கச்சிகிட்ட அண்ணன் போகக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்றாங்க சார், எந்த ஊரு நியாயம் இது?

கல்யாணம் நின்னுடும்னு நான் நெனச்சேன். அவ்வளவு அடி வாங்கினவன், வேணாம்டா சாமின்னு ஓடிடுவான், இவ திரும்பி என்கிட்டதான் வரணும்னு நெனச்சேன். வீட்டப் பெருக்கி வச்சேன் சார். அவளுக்குப் புடிக்கும்னு பக்கோடாகூட வாங்கி வச்சேன் ஒரு நாள். வரல. இவங்களா இங்க மண்டபம் பாத்துட்டாங்க. பத்திரிகைல என் பேரு இல்ல. மாப்பிள்ளைத் தோழனா யாரு நிக்கிறான்னு தெரியுமா உங்களுக்கு? பொண்ணோட பொறந்தவன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும். அது என் உரிமை. அந்த இடத்துல எட்வின் நிக்கிறானாம் சார்! கேமராக்காரப் பய! கேட்டதுலேர்ந்து ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல.

இருங்க, நேரம் ஆயிருக்குமே. பேச்சுல மறந்தே போயிட்டேன். பைய எடுங்க. எங்க பை? டீ மாஸ்டர் கிட்டயா? அங்க எதுக்கு போச்சு? என்னது, அந்தத் தோட்டக்காரங்க பேரா? அவங்க பேரு எனக்கு எப்படி சார் தெரியும்? அதக் கேட்டு என்ன பண்ணப் போறீங்க? ஒன்னு முடிஞ்சா ஒன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, நானும் சொல்லிக்கிட்டே...

மேளம் சார். கெட்டிமேளம்.

தாலி ஏறிடுச்சா? ஏறிடுச்சு. வாசல்ல இருந்தவனுங்களையும் காணோம். நான் இங்க உக்காந்திருக்கேன்.

நீங்க ஏன் சார் எந்திரிக்கல? முகூர்த்தத்துக்குன்னு பட்டு வேட்டி கட்டிட்டு வந்தவர், அட்சதை போடக்கூடப் போகல. யாரு நீங்க? என்னது? ஜெகதீசனோட தாய்மாமனா? காரைக்கால்ல இருக்காருன்னு சொன்னாங்களே, அவரா? தாய்மாமன் மேடைல நிக்கணும் சார். அக்கா பையன் தாலி கட்டுறப்ப மேடைல நிக்க வேண்டியவரு, இந்தப் பெஞ்சுல என்கூட உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு...

அவளா? யமுனாவா உங்கள அனுப்பினா? நான் இங்க வருவேன்னு அவளுக்குத் தெரியுமா? என்ன சொல்லி அனுப்பினா? பரவால்ல, சொல்லுங்க, கோவப்பட மாட்டேன். அவ சொன்னத அப்படியே சொல்லுங்க.

'எங்கண்ணன் பேசிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அடிக்க மாட்டாரு. அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருங்க. நான் சின்னப் பிள்ளைலேர்ந்து அப்படித்தான் பொழைச்சேன்'னா?

அப்படியா சொன்னா.

பொய் சார். அவ்வளவும் பொய். பேசிக்கிட்டே எத்தனையோ தடவ அடிச்சிருக்கேன். நீங்க வேணா உள்ள போய் அவகிட்டயே கேட்டுப் பாருங்க.